வக்கீல் கட்டிய வேடம்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், படூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய சொல் காதில் விழுந்தது. கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் என் பேத்தி, படிப்பு முடிந்ததும் ஒரு நாடகக் குழுவில் முழுநேரமாகச் சேரப் போவதாகத் தன் தகப்பனிடம் சொன்னாள். சிறுசேரியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் என் மகன் உரத்துப் பேசுகிறவன் அல்லன். அன்று உரத்துப் பேசினான். கூத்தாடியாகப் போகிறாயா என்று கேட்டான்.

அந்தச் சொல்லை அதே கூடத்தில் நான் முன்பு கேட்டது அரை நூற்றாண்டுக்கும் மேலான கதை. சொன்னவர் என் தந்தை, சொல்லப்பட்டவன் நான். அப்போது படூர் வயலும் ஏரியுமாக இருந்தது. கேளம்பாக்கத்து உப்பளங்கள் வரை பார்வையை மறிக்க ஒரு மாடிக் கட்டடம் கிடையாது. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேடம் கட்டி, அரிதாரத்தைக் கலைக்காமல் வீட்டுக்கு வந்த என்னை அவர் திண்ணையிலேயே நிறுத்தினார். முகத்தைக் கழுவிய பிறகே உள்ளே விட்டார். இத்தனைக்கும் அவர் கூத்தை வெறுத்தவர் அல்லர். பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடந்தால் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய், விடியும்வரை கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வருவார். ஆட்டத்தைப் பார்ப்பது புண்ணியம். ஆடுகிறவனைப் பெற்றிருப்பது அவமானம். இந்தக் கணக்கு அவருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாடே நெடுங்காலம் போட்டுவந்த கணக்கு அது.

நான் நடிப்பை விட்டேன்; சட்டம் படித்தேன். செங்கல்பட்டு நீதிமன்றங்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் வழக்காடினேன். ஆகவே தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே சமரசம் பேசும் வேலை என்மேல் விழுந்தபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எங்கள் தொழிலின் மூத்தவர் ஒருவர்தான்: பம்மல் சம்பந்த முதலியார். வக்கீலாக இருந்தார், நீதிபதியாகவும் இருந்தார், தமிழ் நாடகத்தின் தந்தை என்றும் போற்றப்படுகிறார். முதலில் ஒரு தொழிலைத் தேடிக்கொள், பிறகு அவரைப்போல நடித்துக்கொள் என்று பேத்தியிடம் சொன்னேன். இரு தரப்புக்கும் ஏற்ற தீர்ப்பாகவே அது எனக்குத் தோன்றியது. அவளோ சற்று யோசித்துவிட்டு, வேறு பிழைப்பு உள்ளவர்கள்தாம் நடிக்கலாம் என்றால், நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களை என்ன செய்வது தாத்தா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பம்மலாரின் வாழ்க்கையை மறுபடியும் படிக்க உட்கார்ந்தேன்.

பம்மல் எங்கள் மாவட்டத்து ஊர்தான். படூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே சென்று, துரைப்பாக்கத்தில் மேற்கே திரும்பிப் பல்லாவரத்தைத் தாண்டினால் வந்துவிடும். இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக, நெரிசல் மிகுந்த புறநகராக இருக்கிறது. அது அவருடைய முன்னோர்களின் ஊர். அவர் பிறந்தது சென்னை நகரில், 1873 பிப்ரவரியில். தந்தை விஜயரங்க முதலியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் ஆய்வாளராக இருந்தவர். தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டவர். எனவே புத்தகங்களுக்கு நடுவே வளரும் பேறு பிள்ளைக்கு வாய்த்தது. மாநிலக் கல்லூரியில் படித்தார். ஷேக்ஸ்பியரில் தோய்ந்தார்.

ஆனால் தமிழ் நாடகம் என்றால் இளமையில் அவருக்கு அருவருப்பு. இதை அவரே பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அந்த அருவருப்புக்குக் காரணங்களும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்துக் கொட்டகைகளில் நடந்த நாடகங்களில் பாட்டே பெரும்பகுதி. பேச்சு என்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நடிகர் தமக்குத் தோன்றியபடி இட்டு நிரப்புவது. எழுதி வைத்த உரையாடல் அரிது. எப்போது தொடங்கும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது. எப்போது முடியும் என்பது விடியலைப் பொறுத்தது. ஆங்கிலம் படித்த ஓர் இளைஞன் அதைக் கண்டு முகம் சுளித்ததில் வியப்பில்லை. ஆனாலும் அந்தச் சுளிப்பில் என் தந்தையின் திண்ணைக் கணக்கும் கொஞ்சம் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆட்டத்தின் குறை ஒருபுறம் இருக்க, ஆடியவர்கள் யார் என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அவர் மனத்தை மாற்றியவர் யார் என்று பார்த்தால் இது தெளிவாகும். 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவர் தம்முடைய சரச வினோதினி சபையுடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். ஆந்திர நாடகப் பிதாமகர் என்று பின்னாளில் பெயர் பெற்ற அவர் தொழிலால் ஒரு வக்கீல். அவருடன் மேடையேறியவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். கௌரவமான மனிதர்கள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு நடிக்க முடியும் என்பதைப் பதினெட்டு வயதுச் சம்பந்தம் கண்ணாரக் கண்டார். தெலுங்கில் இருப்பது தமிழில் ஏன் இல்லை என்ற ஆதங்கம் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

சபையின் முதல் நாடகமாக அவர் எழுதிய 'புஷ்பவல்லி' 1893-இல் மேடையேறியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவந்த செங்கல் மாளிகையாக இன்றும் நிற்கும் விக்டோரியா பொது அரங்கம்தான் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தச் சபையின் வீடு. அடுத்து 'லீலாவதி சுலோசனா', பிறகு 'மனோகரா', 'யயாதி', 'இரு நண்பர்கள்', 'கள்வர் தலைவன்', 'வேதாள உலகம்' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான்; மக்பெத் 'மகபதி' ஆனான்; வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். பெயர்களை ஒலி பிசகாமல் தமிழாக்கும் இந்த விளையாட்டில் அவருக்கு ஒரு குழந்தையின் மகிழ்ச்சி இருந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் எழுதியவை 90-க்கும் மேற்பட்ட நாடகங்கள்.

அவர் செய்த மாற்றங்கள் இன்று நமக்கு மாற்றங்களாகவே தோன்றா. அவ்வளவு இயல்பாகிவிட்டன. முழு உரையாடலையும் உரைநடையில் எழுதினார். எழுதியதை மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து, மாற்றாமல் பேச வைத்தார். பாட்டைக் குறைத்தார். அறிவித்த நேரத்தில் திரையைத் தூக்கினார். விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். கதை சோகமாகவும் முடியலாம் என்று காட்டினார். மங்களம் பாடி முடிக்காத நாடகத்தை அன்றைய சென்னை எளிதில் ஏற்கவில்லை.

இவற்றுள் 'மனோகரா'வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1895-இல் அதை எழுதி, நாயகனாக நடித்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அரசன் புருஷோத்தமன், வசந்தசேனை என்பவளிடம் மயங்கி, பட்டத்தரசி பத்மாவதியைத் தள்ளி வைக்கிறான். வீரனான மகன் மனோகரன் தாயின் அவமானத்தைக் கண்டு கொதிக்கிறான். ஆனால் தாயோ தந்தைக்கு எதிராகக் கை ஓங்கலாகாது என்று அவனைக் கட்டிப் போடுகிறாள். இரும்புச் சங்கிலி பிறகுதான் வருகிறது; முதல் சங்கிலி தாயின் சொல். கடைசியில் அவளே அந்தத் தடையை நீக்கும்போது அவன் சங்கிலியை அறுத்தெறிகிறான். பெற்றோரின் ஆணைக்குக் கட்டுப்பட்ட ஆற்றல் எப்போது அவிழும் என்று பார்வையாளரை இருக்கை நுனியில் உட்கார வைக்கிற உத்தி இது. தமிழ்க் குடும்பங்களுக்குள் என்றைக்கும் புகைந்துகொண்டிருக்கிற ஒன்றைத் தொட்டதால்தான் அந்த நாடகம் அவ்வளவு நாள் வாழ்ந்தது. என் சிறுவயதில் டூரிங் கொட்டகை ஒன்றின் மணலில் உட்கார்ந்து அதைப் படமாகப் பார்த்தேன். சங்கிலி அறுந்தபோது அழுத கூட்டத்தில், அரிதாரத்தைக் கழுவச் சொன்ன என் தந்தையும் இருந்தார்.

நகைச்சுவையும் அவருக்குக் கைவந்தது. 'சபாபதி' அதற்குச் சான்று. எசமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. இருவரில் யார் பெரிய அசடு என்று தீர்மானிக்க முடியாது. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு எசமானனைத் திணற அடிக்கும் அந்த வேலைக்காரனின் பேச்சு, சென்னைத் தெருவிலிருந்து நேரே மேடைக்கு வந்தது. 'அமலாதித்யன்' வடமொழி கலந்து கனமாகப் பேசுவதையும் 'சபாபதி' வீட்டுப் பேச்சில் துள்ளுவதையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே கை எழுதியது என்று நம்புவது கடினம். என் சொந்த விருப்பம் கேட்டால், முதலாவதை மதிக்கிறேன். இரண்டாவதை மறுபடி மறுபடி படிக்கிறேன்.

பகலில் படிப்பு, பிறகு வழக்குகள், மாலையில் ஒத்திகை. 1898-இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். 1924-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார். 1928-இல் ஓய்வு பெற்றார். சபைக்கு வந்து சேர்ந்தவர்களும் இதே வகுப்பினர்தாம். பின்னாளில் காங்கிரஸ் தலைவராக விளங்கிய எஸ். சத்தியமூர்த்தி அங்கே நடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அந்தச் சபையோடு உறவு கொண்டிருந்தவர். இத்தகையோர் மேடையில் நிற்கும்போது அவர்களைக் கூத்தாடி என்று யார் சொல்வது? சொல் தானாகவே வாயடைத்துப் போயிற்று. பம்மலார் அதை எதிர்த்து வாதாடவில்லை. ஒரு நல்ல வக்கீலைப்போல, எதிர்த்தரப்பு பேசவே முடியாதபடி சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினார்.

சபை கடல் கடந்தும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்று நாடகங்கள் நடத்தியது. அவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்த இளைஞர்களுள் ஒருவர், ஈழத்து நாடக உலகில் கலையரசு என்று போற்றப்பட்ட க. சொர்ணலிங்கம். பம்மலாரையே தம் குருவாகக் கொண்டு, அதே வழியில் இலங்கையில் நாடகம் வளர்த்தார். யாழ்ப்பாணத்திலும் கற்றோர் மேடையேறத் தொடங்கியதற்கு அந்தப் பயணங்கள் ஒரு காரணம்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. சி. ரங்கவடிவேலு. பம்மலார் நாயகனாக நடித்த நாடகங்களில் நெடுங்காலம் நாயகியாக நடித்தவர் அவர்தான். சபையில் பெண்கள் நடிக்கவில்லை. பெண் வேடங்களை ஆண்களே தாங்கினர். ரங்கவடிவேலுவின் நடையும் குரலும் நாணமும் பற்றிப் பம்மலார் 'நாடக மேடை நினைவுக'ளில் எழுதும் பக்கங்களில், ஆறு பாகங்கள் கொண்ட அந்த நூலின் மற்ற எந்தப் பகுதியிலும் இல்லாத ஒரு நெகிழ்ச்சி இருக்கிறது. நண்பர் தமக்கு முன்பே மறைந்த துயரம் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை.

அந்த நட்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் என் பேத்தி கேட்ட கேள்வியோடு அதைப் படிக்கும்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட நாடகக் குழு ஒன்றை வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தார். பெண்கள் நடிக்க இயலாது என்பதில்லை. குடும்பத்துப் பெண்கள் நடிக்கலாகாது என்பதுதான் விதி. வக்கீல் நடித்தால் மேடைக்குக் கௌரவம் வரும் என்று நிறுவிய சபை, தன் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கௌரவத்தின் வாசலைத் திறக்கவில்லை. காலத்தின் குற்றம் என்று சொல்லிவிடலாம். நானும் நீதிமன்றத்தில் அப்படி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பம்மலார் சபை தொடங்கிய காலத்தை ஒட்டியே, தூத்துக்குடிப் பக்கம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவர்தாம் சங்கரதாஸ் சுவாமிகள். ஒருவர் தொழிலை வைத்துக்கொண்டு நாடகத்துக்கு வந்தார்; மற்றவர் தொழிலை விட்டுவிட்டு வந்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என்று சுவாமிகள் எழுதியவற்றை நடித்தவர்களுக்கு மாலையில் திரும்பிச் செல்ல ஒரு கச்சேரியோ அலுவலகமோ இல்லை. குறிப்பாக, அவர் பயிற்றுவித்த பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள். வறுமையின் காரணமாகப் பெற்றோர் கொண்டுவந்து ஒப்படைத்த பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, கம்பெனிச் சோறு உண்டு, இரவெல்லாம் நடித்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதுவரை கட்டிய வேடம் பறிபோகும். சில நேரம் வேலையும் போகும். ஊர் அவர்களைக் கைதட்டிப் பார்த்தது. அவர்களுக்குப் பெண் கொடுக்க மறுத்தது. சுகுண விலாச சபை வெற்றிபெற்ற பிறகும் இவர்கள் கூத்தாடிகளாகவே இருந்தார்கள். கௌரவம் நாடகத்துக்கு வந்ததா, நாடகமாடிய வக்கீல்களுக்கு மட்டும் வந்ததா என்று கேட்டால், பின்னதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பம்மலாரின் நாடகங்களை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசென்றவர்கள் இந்தக் கம்பெனிக்காரர்கள்தாம். விக்டோரியா அரங்கத்தில் சில நூறு பேர் பார்த்த 'மனோகரா'வைச் சிற்றூர்களின் கீற்றுக் கொட்டகைகளில் ஆயிரமாயிரம் பேருக்கு நடித்துக் காட்டியவர்கள் டி.கே.எஸ். சகோதரர்களைப் போன்ற பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள். அவர்கள் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர்கள். திரைப்படம் வந்த பிறகும் அப்படியே நடந்தது. ஏ.வி. மெய்யப்பன் 1941-இல் 'சபாபதி'யைப் படமாக எடுத்தபோது வேலைக்காரனாக நடித்துத் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த காளி என். ரத்தினம் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். 1954-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில் 'மனோகரா' வந்தபோது சங்கிலியை அறுத்த சிவாஜி கணேசன், சிறுவயதிலேயே வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பம்மலாரின் இரு பெரும் பாத்திரங்களும் நம் நினைவில் நிற்பது வேறு பிழைப்பு இல்லாத நடிகர்களின் முகத்தில்தான்.

இதைப் பம்மலார் அறியாதவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இளமையில் முகம் சுளித்தவர், முதுமையில் 'நான் கண்ட நாடகக் கலைஞர்கள்' என்று தனி நூலே எழுதினார். நடிப்பைக் கற்பிக்கவும், நாடகத் தமிழின் வரலாற்றைச் சொல்லவும், பேசும்படங்களில் தாம் பெற்ற அனுபவங்களைப் பதியவும் தனித்தனியே நூல்கள் எழுதினார். கைக்கு வந்த அனுபவம் எதையும் எழுதாமல் விடாத மனிதர் அவர். தம் நடிப்பின் குறைகளையும், தவறிய வசனத்தையும், வராத கூட்டத்தையும்கூட மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைதான் இன்று அவரைக் கேள்வி கேட்கவும் நமக்கு இடம் தருகிறது.

அவர் எழுதிய தழுவல்களில் ஒன்று, அதிகம் பேசப்படாதது, 'காளப்பன் கள்ளத்தனம்'. மூலம் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியருடைய ஸ்கேப்பின் என்னும் தந்திரக்கார வேலைக்காரனின் கதை. மோலியர் இறந்தது 1673 பிப்ரவரியில். பம்மலார் பிறந்தது சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து அதே மாதத்தில். தற்செயல்தான். ஆனால் இருவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நான் தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அங்கே கிடைத்தது.

மோலியரின் இயற்பெயர் ழான் பத்தீஸ்த் போக்லன். தந்தை பிரெஞ்சு அரண்மனைக்கு இருக்கை, திரைச்சீலை முதலியவற்றைச் செய்து தரும் வசதியான கைவினைஞர். மகனையும் நன்கு படிக்க வைத்தார். அவர் சட்டமும் பயின்றதாக வரலாறு. எங்கள் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவர் என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்தொன்றாம் வயதில், 1643-இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடிகர்கள் சிலருடன் சேர்ந்து நாடகக் குழு தொடங்கினார். மோலியர் என்று மேடைப்பெயர் சூட்டிக்கொண்டார். குழு நொடித்தது, கடனுக்காகச் சிறைக்குப் போனார். பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் நம் கம்பெனிக்காரர்களைப்போலவே ஊர் ஊராக அலைந்து நடித்தார். 1658-இல் மன்னர் பதினான்காம் லூயியின் முன் நடித்த பிறகே பாரிஸில் கால் ஊன்ற முடிந்தது. போலிப் பக்தனைத் தோலுரித்த 'தார்த்துய்ஃப்' 1664-இல் தடை செய்யப்பட்டு, 1669-இல்தான் விடுதலை பெற்றது.

நோயை வைத்து நகைக்கும் தம் கடைசி நாடகத்தில் நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தபோதே உடல்நலம் குன்றி, அன்றிரவே வீட்டில் உயிர் துறந்தார். அந்நாளில் பிரான்சில் நடிகர்களுக்குக் கிறித்துவ முறைப்படி அடக்கம் கிடையாது. சாகுமுன் பாதிரியார் முன்னிலையில் நடிப்புத் தொழிலைத் துறப்பதாக உறுதி கூறினால்தான் உண்டு. மோலியருக்கு அதற்கு நேரம் வாய்க்கவில்லை. மனைவி மன்னரிடம் முறையிட்டாள். நாட்டையே சிரிக்க வைத்தவனை இரவு நேரத்தில், சடங்கு ஏதுமின்றிப் புதைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பிரெஞ்சு மொழிக்கே அவர் பெயரால் அடைமொழி இன்று வழங்குகிறது. அவரோ பிரெஞ்சு அகாடமியில் உறுப்பினராகாமலே போனார். நூறாண்டு கழித்து அகாடமி அவர் சிலையை வைத்துக்கொண்டது.

சங்கரதாஸ் சுவாமிகளின் முடிவும் எனக்கு நினைவுக்கு வந்தது. வாத நோயால் பேச்சிழந்து, 1922 நவம்பரில், மோலியரின் மொழியே ஆட்சிமொழியாக இருந்த புதுச்சேரியில் அவர் மறைந்தார். சொந்தக் குடும்பம் என்று ஒன்றில்லை. பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்தாம் பிள்ளைகள்.

பம்மலாருக்கு இந்தத் துன்பங்கள் இல்லை. நிறைவாழ்வு வாழ்ந்தார். 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் அளித்தது. தொண்ணூறாம் வயதில், 1963-இல், தம் சுயசரிதையை வெளியிட்டார். 1964 செப்டம்பர் 24 அன்று காலமானார். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், நடிக்கலாம். அவர் தொடங்கிய சபை அண்ணா சாலையில் கிளப்பாக இன்றும் இருக்கிறது. எஸ்.வி.எஸ். என்ற மூன்றெழுத்துக்குள் சுகுண விலாசம் ஒளிந்திருப்பதை அறிந்தவர் குறைவு. ஒரு வழக்கறிஞர் நண்பருடன் அங்கே ஒருமுறை போயிருக்கிறேன். சீட்டாட்ட மேசைகளைக் கடந்து நடந்தபோது, இதில் வியக்க என்ன இருக்கிறது என்றே அன்று எண்ணினேன். பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுக்காகக் கூடியவர்கள் வேறொரு பொழுதுக்கு நகர்ந்துவிட்டார்கள். ஊதியத்துக்கு ஆடிய கூத்துக் குழுக்களோ காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவையும் படித்து முடித்த பிறகு, பேத்திக்குச் சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மேல்முறையீட்டில் தோற்பது எனக்குப் புதிதில்லை. பம்மலாரைப் பின்பற்று என்று இனி அவளிடம் சொல்ல மாட்டேன். அவரைப் படி என்று சொல்லியிருக்கிறேன். படித்தாள். படித்ததன் விளைவு, அவளும் அவள் தோழிகளும் 'காளப்பன் கள்ளத்தன'த்தையும் மோலியரின் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்களுக்கென்று ஒரு பிரதி தயாரித்திருக்கிறார்கள். காளப்பன் வேடம் அவளுக்கு. ரங்கவடிவேலு பெண்ணாக நடித்த நாடக மரபில் இப்போது ஒரு பெண் வேலைக்காரனாக நடிக்கிறாள்.

ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் நடக்கிறது. மோலியரின் நாடகத்தில், வேலைக்காரன் எசமானனைச் சாக்குக்குள் ஒளிந்துகொள்ளச் செய்து, எதிரிகள் வந்துவிட்டதாகக் குரலை மாற்றிப் பேசியபடி தானே அடிக்கும் காட்சி பேர்பெற்றது. அதற்கு ஆள் நுழையும் அளவுக்குச் சாக்கு வேண்டும். எங்கே தேடியும் பிளாஸ்டிக் பைகளே கிடைக்கின்றன என்று பேத்தி இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். என் மகன் அவளோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. நேற்று மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியவன், கேளம்பாக்கத்து அரிசிக் கடையிலிருந்து வாங்கிவந்த பெரிய சணல் சாக்குகள் இரண்டை மாடிப்படியின் முதல் படியில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான்.